நீங்க பாட்டுக்கு

அரியமங்கலம் தொழிற்பேட்டையில் வருஷத்துக்கு ஒரு நாள்தான் சத்தம் நிற்கும். ஆயுத பூஜைக்கு மறுநாள். முதல் நாள் லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, பொரிகடலை பிரித்துக் கொடுத்தாயிற்று என்றால், மறுநாள் எந்த சுவிட்சிலும் கை வைக்கக் கூடாது என்பது பேட்டை வழக்கம். அந்த ஒரு சாயங்காலத்தைத்தான் பட்டறைக்காரர்கள் பாட்டுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். மற்ற நாளில் பாடினால் யார் காதில் விழப்போகிறது?

நோட்டீஸில் இசை விழா என்று போடுவார்கள். பேட்டைக்குப் பின்னால் வாய்க்காலை ஒட்டிய காலி மைதானத்தில் ஒரு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, மூன்று பக்கப் பலகையையும் இறக்கிவிட்டால் அதுதான் மேடை. ஒவ்வொரு பட்டறையிலிருந்தும் நாற்காலி வரும். நாற்காலி கிடைக்காதவர்கள் தகட்டுக் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். பாடுகிறவர்களும் பேட்டை ஆட்கள்தான். டர்னர் ஜெய்சங்கர் சேர்த்த மெல்லிசைக் குழு. அவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஆள் கிடையாது. ரேடியோவைக் கேட்டு, கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து, தானே கீபோர்டு பழகிக்கொண்டவர். அதனாலேயே பொல்லாத கறார். அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் உயராமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அந்த லாரியின் மேல் இருபத்தைந்து வருஷம் நின்றவள் பாக்கியமேரி. நடுவில் இல்லை, இடது ஓரத்தில், தபேலாக்காரருக்குப் பின்னால். அவள் வேலை ஹம்மிங். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வருகிற 'ம்ம்ம்', இரண்டு சரணத்துக்கு நடுவில் வருகிற 'லாலலா', முடிவில் தேய்ந்துபோகிற 'ஆஆ' எல்லாம் அவளுடையவை. சொல் இருக்கிற இடமெல்லாம் லிசிக்கு. லிசி நடுவில் நிற்பாள். பாட்டு முடிந்து கைதட்டும்போது லிசியின் பெயரைச் சொல்வார்கள், தபேலாக்காரரின் பெயரைச் சொல்வார்கள், ஸ்ரீரங்கத்திலிருந்து மைக் செட் கொண்டுவருகிற ரங்கசாமிக்கும் நன்றி சொல்வார்கள். ஹம்மிங்கை யார் பாடினார்கள் என்று எந்த ஊரில் சொல்லியிருக்கிறார்கள்?

பகலில் அவள் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் பிசிறு எடுக்கிறவள். வெட்டி வருகிற இரும்புத் தகட்டின் ஓரத்தில் முள்முள்ளாக நிற்கிற பிசிறை அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தால் வழுக்க வேண்டும், கிழிக்கக் கூடாது. அவள் குரலைப் பற்றி ஜெய்சங்கர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டும் அந்த வார்த்தைதான்.

"பாக்கியத்தோட குரல்ல பிசிறே கெடையாது."

சொல்லிவிட்டு, புதுப் பாட்டை லிசியிடம் கொடுத்தார். ஒரே ஒரு தடவை பாக்கியமேரி கேட்டும் பார்த்தாள். "அண்ணே, எனக்கு ஒரே ஒரு பாட்டு, முழுசா?"

ஜெய்சங்கர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "முன்னாடி நின்னு பாடுறவங்களுக்குக் கொஞ்சம் பிசிறு வேணும்மா. அப்பதான் ஜனங்க திரும்பிப் பாப்பாங்க. சுத்தம் பின்னாடி நிக்கிறவங்களுக்குத்தான் வேணும்."

அதில் பொய் இல்லை என்று அவளுக்கே தெரியும். அதனால் அடுத்த தடவை கேட்கவில்லை.

வீட்டில் அவள் புருஷன் அற்புதசாமி விட்டுவைக்க மாட்டார். கேஸ் வெல்டர். விழா நாளன்று அவள் பட்டுச்சேலையை எடுத்தால் போதும். "ஏண்டி, ம்ம்ம்னு சொல்றதுக்கு எதுக்குடி பட்டு? ஆமா இல்லைன்னு தலையாட்டுறவளுக்கு நைட்டியே போதும்." ஆனால் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வதும் அவர்தான். ஒரு வருஷம், திரும்பி வருகிற வழியில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "ஆயிரம் பேரு வரிசையா நின்னு ம்ம்னு சொல்லட்டும், இவ ம்ம் எதுன்னு நான் எடுத்துக் குடுத்துடுவேன்." அவள் கேட்காததுபோல நடந்தாள். அதை வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் ஓட்டினாள்.

பாக்கியமேரிக்கு அந்த விழாக்களில் பிடித்தது எது என்று கேட்டால் ஒன்றைத்தான் சொல்வாள். அதுவும் விழாவில் நடந்ததில்லை. விழாவுக்கு முன்னால் நடந்தது.

ஒரு வருஷம் மைக் செட் கட்டி முடித்தபோது மத்தியானம் மூன்றரை, நாலு இருக்கும். ஜெய்சங்கரும் மற்றவர்களும் டிபனுக்குப் போய்விட்டார்கள். கையில் பொட்டலம் கொண்டுவந்திருந்த பாக்கியமேரி மட்டும் லாரி நிழலில் உட்கார்ந்திருந்தாள். ரங்கசாமி வந்து நின்றார். மார்கழித் திருப்பாவைக்கும் மாசித் தெப்பத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பழகிய மனிதர். ஹலோ ஒன் டூ த்ரீ சொல்வதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. பாட்டைக் கேட்டால்தான் செட் எப்படி இருக்கிறது என்று தெரியும் என்பார்.

"அக்கா, கொஞ்சம் மேல ஏறுங்க. நீங்க பாட்டுக்குப் பாடிக்கிட்டு இருங்க. நான் கடைசி நாக்காலி வரைக்கும் போய்க் கேட்டுட்டு வரேன்."

"எதைப் பாடட்டும்?"

"எதையாச்சும். நிறுத்தாம பாடுங்க."

நடு மைக். லிசியின் மைக். பாக்கியமேரி அதற்கு முன்னால் போய் நின்று, குழுவில் 'ரயில் பாட்டு' என்று சொல்வார்களே, வராத ரயிலுக்காக பிளாட்பாரத்தில் காத்திருக்கிறவள் பாடுகிற அந்தப் பழைய சினிமாப் பாட்டை எடுத்தாள். முன்னால் வருகிற நீண்ட ஹம்மிங்கைப் பாடினாள். அது முடிகிற இடத்தில் இருபது தடவை நிறுத்தியிருக்கிறாள். அன்றைக்கு நிறுத்தவில்லை. பல்லவிக்குள் போனாள். முதல் சரணம், இரண்டாம் சரணம், எல்லாம். எதிரே காலி நாற்காலிகள். ரங்கசாமி முதுகைக் காட்டிக்கொண்டு வாய்க்கால் வரைக்கும் நடந்துபோனார். மேடை லாரியின் டிரைவர் கேபினில் தூங்கிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த அவனுடைய இரண்டு பாதங்கள்தான் தெரிந்தன. இரண்டாம் சரணத்தில் வலது காலின் கட்டைவிரல் தாளம் போட ஆரம்பித்தது. பாட்டு முடியும்வரை போட்டது.

ரங்கசாமி தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். செட் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பாக்கியமேரி இறங்கிவிட்டாள். ஜெய்சங்கர் பல் குத்திக்கொண்டே வந்து, "டெஸ்டிங் முடிஞ்சுதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த டிரைவரின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

கொரோனாவில் விழா நின்றது. ஜெய்சங்கரும் அதிலேயே போனார். லிசி மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டாள். அற்புதசாமிக்கு மூச்சிரைப்பு வந்து வேலையை விட்டார். புகையும் தூசியும் கூட்டமும் ஆகாது என்று டாக்டர் சொன்னதால் வாசலைத் தாண்டிப் போவதில்லை. பாக்கியமேரி மட்டும் அரத்தைப் பிடித்தபடி இருந்தாள்.

இந்த வருஷம் ஆகஸ்டில் அவள் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. எச்சில் விழுங்கினால் அதுவும் கூடவே ஏறி இறங்கும். தைராய்டு என்றார்கள், ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள், ஆபரேஷன் செய்தே தீரவேண்டும் என்றார்கள். டாக்டரம்மா நல்ல மாதிரி. மூடி மறைக்காமல் சொன்னார்.

"கட்டி, குரலுக்குப் போற நரம்பு மேலேயே உக்காந்திருக்கும்மா. ஜாக்கிரதையாத்தான் எடுப்போம். ஆனா குரல் மாறலாம். பழையபடி வருதான்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் சொல்ல முடியும். நீங்க டீச்சரா?"

"இல்லீங்க."

"பாடுவீங்களா?"

பாக்கியமேரி அதற்கும் "இல்லீங்க" என்றாள்.

ஆபரேஷனுக்குத் தேதி விழுந்தது, ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம். அந்தத் தேதியை வாங்கிக்கொண்டு வந்த அன்றுதான் சரவணனின் போன் வந்தது. மேடைக்கு லாரி விட்ட முதலாளியின் மகன். இப்போது சொந்தமாக நாலு சிஎன்சி மெஷின் வைத்திருக்கிறான். அவன் பின்னால் மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"அக்கா, விழாவத் திரும்ப நடத்துறோம். பழைய ஆளுங்க எல்லாரும் கண்டிப்பா வரணும். நீங்க பாட்டுக்கு வாங்க, மேடை ஏறுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்."

"பாட்டுக்கா தம்பி?"

"ஆமாக்கா, நீங்க பாட்டுக்கு வாங்க. யாரையும் கேக்க வேணாம்."

நாம் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிற பேச்சு. குழந்தை அது பாட்டுக்கு விளையாடும், மழை அது பாட்டுக்குப் பெய்யும், அவன் பாட்டுக்குப் போவான். யாரும் அதில் பாட்டைக் கேட்பதில்லை. பாக்கியமேரியும் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு அவள் கையில் ஆபரேஷன் சீட்டு இருந்தது. அந்த வார்த்தையை அன்று ரங்கசாமி சொன்ன மறுநிமிஷம் நடு மைக் அவளுக்கு ஒரு தடவை கிடைத்தும் இருந்தது. அவள் காதில் அது பாட்டு என்றே விழுந்தது.

"என்னைப் பாடக் கூப்பிட்டிருக்காங்க" என்றாள் புருஷனிடம்.

"ஹம்மிங்கா?"

"இல்லைங்க. பாட்டு."

அற்புதசாமி கேலி எதுவும் பண்ணவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மூன்று வாரம் பழகினாள். அக்கம்பக்கம் சிரிக்கக் கூடாதென்று மிக்ஸியை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பாடினாள். முதல் நாளே தெரிந்துவிட்டது. ஹம்மிங் வந்தது, பல்லவி வந்தது, சரணத்தில் மேலே ஏறுகிற இடத்தில் குரல் இழுத்துக்கொண்டு நின்றது. கட்டி நெரித்தது. இத்தனை வருஷம் இல்லாத பிசிறு அந்த ஒரு இடத்தில் வந்து நின்றது. இப்போது பார்த்து, ஜெய்சங்கர் சொன்ன மாதிரி முன்னால் நிற்கிறவளாகிவிட்டேனா என்று நினைத்து அவளே சிரித்துக்கொண்டாள். ஒரு சுருதி இறக்கிப் பார்த்தாள். இறக்கினால் முழுப் பாட்டும் வந்தது, மெதுவாக, மூச்சை எண்ணி எண்ணிச் செலவழித்தால்.

"என்னத்தடி அரைக்கிற, அரை மணி நேரமா?" என்று கூடத்திலிருந்து குரல் வரும். "ஜாருல ஏதாச்சும் போட்டியா, காலியாத்தான் ஓடுதா?"

விழா நாள். மைதானம் அதேதான். லாரி இல்லை. இரும்பு மேடை, பின்னால் பெரிய எல்இடி திரை, நாற்காலிகளுக்கு வெள்ளை உறை. மேடையின் ஓரத்தில் ஜெய்சங்கரின் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. வாசிக்கிறவர்கள் யாரையும் காணோம். கீபோர்டு இல்லை, தபேலா இல்லை. கீழே ஒரு மேஜையில் மிக்ஸர் போர்டும் லேப்டாப்பும். அங்கே ரங்கசாமி நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பாக்கியமேரி நேராக அவரிடம் போனாள்.

"என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்னக்கா? சேவிக்கிறேன். பெருமாள் புண்ணியத்துல கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு."

"ரயில் பாட்டு இருக்கா உங்ககிட்ட? ஒரு சுருதி கம்மியா வேணும்."

"இருக்கே. லிஸ்ட்டுல இருக்கு" என்றார் அவர். யாரோ கூப்பிட்டார்கள், திரும்பிவிட்டார். லிஸ்டில் இருக்கிறது என்றதும் அவள் வயிறு குளிர்ந்தது. சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

ஆறு மணிக்கு மேல் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். முழுப் பெயர், மைக்கில், முதல் தடவையாக. "நம்ம பாக்கியமேரி அக்கா!" அவள் படி ஏறினாள். சரவணன் கும்பிட்டு, நடு மைக்கின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அவள் ரங்கசாமியைப் பார்த்தாள். பாட்டு வரும் என்று காத்திருந்தாள்.

"அக்கா இருபத்தஞ்சு வருஷம் இந்த விழாவுல இருந்தவங்க. இப்ப அவங்களோட மறக்க முடியாத நினைவு ஒண்ண நம்மகூட பகிர்ந்துக்குவாங்க. சொல்லுங்கக்கா. ரெண்டே நிமிஷம்."

திரையில் பெரிய எழுத்தில் 'நினைவலைகள்' என்று வந்தது.

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் போனில் கேட்ட அத்தனையும் வேறு அர்த்தத்தில் திரும்பக் கேட்டது. அந்த நேரத்தில் அவள் வாயைத் திறந்து பாடியிருக்கலாம். மைக் அவள் முன்னால்தான் இருந்தது. பிடுங்கிக்கொள்ள யாரும் இல்லை. ஆனால் எங்கேயோ ஒரு விரல் உயர வேண்டும். கூட்டத்துக்கு முன்னால், அது உயராமல் அவள் ஒரு நாளும் தொடங்கியதில்லை. உடம்பு அப்படியே பழகிவிட்டது. போட்டோவில் ஜெய்சங்கர் சட்டைப் பையில் பேனா தெரிய மார்பளவில் நின்றார். கை படத்துக்குள் வரவில்லை.

எனவே பேசினாள். மழை வந்து லாரிக்கு அடியில் எல்லோரும் ஒளிந்த கதையைச் சொல்லியிருக்கலாம், கரண்ட் போன கதையைச் சொல்லியிருக்கலாம். இருந்த ஒன்றைச் சொன்னாள்.

"ஒரு வருஷம் நான் முழுப் பாட்டு பாடினேங்க. ரயில் பாட்டு. அப்ப யாரும் வரலை. மைக் டெஸ்டிங்குக்காகப் பாடச் சொன்னாங்க, பாடினேன். நாக்காலி எல்லாம் காலியா இருந்துச்சு. லாரி டிரைவர் ஒருத்தர் தூங்கிக்கிட்டு இருந்தார். அவர் கால் மட்டுந்தான் தெரிஞ்சுது. அவர் கால் கட்டைவிரலால தாளம் போட்டார்…"

கூட்டம் சிரித்தது. நல்ல மனதோடுதான் சிரித்தது. முன்வரிசையில் ஒருவர், "டிரைவரைத் தூங்கவுடலையா நீங்க!" என்று கத்தினார். மறுபடி சிரிப்பு. பாக்கியமேரியும் சிரிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு என்ன சொல்ல இருந்தாள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது.

"சூப்பர்க்கா! டெஸ்டிங் பாக்கியம்!" என்று சரவணன் கைதட்டத் தொடங்கினான். பொன்னாடை போர்த்தினான். போர்த்தும்போது அவள் மைக்குக்குக் கேட்காத மாதிரி கேட்டாள்.

"தம்பி, பாட்டுக்கு வரச் சொன்னீங்களே?"

"ஆமாக்கா, வந்துட்டீங்களே!" என்றான். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்குச் சுருக்கென்றது. "அய்யய்யோ… அக்கா, நான் சும்மா வாங்கன்னுதான்… நீங்க பாட்டுக்கு வாங்கன்னு…" சுற்றிலும் பார்த்தான். அடுத்துப் பாட வேண்டிய பெண் நிஷா மேடையேறி நின்றாள், கல்லூரியில் படிக்கிறவள். "இந்தப் பாப்பா இப்ப ரயில் பாட்டுதான்க்கா பாடப்போவுது. நீங்க ஒண்ணு பண்ணுங்க, பழையபடி ஹம்மிங் குடுங்க. செமையா இருக்கும்."

"வாங்க ஆன்ட்டி, ப்ளீஸ்" என்றாள் நிஷா. இன்னொரு மைக் வந்தது. இடது ஓரத்தில் போய் நின்றாள் பாக்கியமேரி. அங்கே போக யாரும் சொல்லவில்லை. கால் அது பாட்டுக்குப் போயிற்று.

லேப்டாப்பிலிருந்து பாட்டு தொடங்கியது. ஹம்மிங்கின் இடம் வந்தது. பாக்கியமேரி மூச்சை எடுத்துப் பாடினாள்.

ஒரு விநாடிதான். அவள் குரலோடு இன்னொரு குரலும் வந்தது. முதலில் எதிரொலி என்று நினைத்தாள். பிறகுதான் தெரிந்தது, அது டிராக்கிலேயே இருக்கிறது. இப்போது வருகிற மைனஸ் டிராக்கில் பாடுகிறவளின் குரலை மட்டும்தான் எடுத்திருப்பார்கள். கோரஸ், ஹம்மிங் எல்லாம் உள்ளேயே இருக்கும். யாரோ ஒருத்தி, என்றோ, எந்த ஸ்டூடியோவிலோ பாடி வைத்தது. துளிப் பிசிறு இல்லை. பாக்கியமேரி ஒரு சுருதி இறக்கிப் பழகியிருந்தாள், டிராக் பழைய சுருதியில் ஓடியது. இரண்டும் ஒன்றோடொன்று உரசின.

கீழே ரங்கசாமியின் தலை சட்டென்று நிமிர்ந்தது. நாற்பது வருஷத் தொழில். எங்கே உரசுகிறது என்று காது சொன்னதும் கை போய்விடும், யார் என்று பார்க்காது. ஒரு பட்டனை இறக்கினார். பாக்கியமேரியின் குரல் ஸ்பீக்கரிலிருந்து போய்விட்டது. உரசல் நின்றது. பாட்டு வழுவழுவென்று ஓடியது.

அதற்கப்புறம்தான் அவர் மேடையைப் பார்த்தார். பார்த்து, ஒரு கையை நெஞ்சில் வைத்து, இன்னொரு கையால் லேப்டாப்பைக் காட்டினார். உள்ளேயே இருக்குதுக்கா என்று அர்த்தம். நிஷா பல்லவியை எடுத்தாள். நன்றாகத்தான் பாடினாள். பாக்கியமேரி செத்த மைக்கைப் பிடித்தபடி, பாட்டு முடியும்வரை, ஹம்மிங் வருகிற இடத்திலெல்லாம் உதட்டை மூடித் திறந்துகொண்டிருந்தாள். நடுவில் இறங்கிப் போனால் அந்தப் பெண் பயந்துவிடுவாள்.

பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பின்னால் அடுத்த பாட்டு கேட்டது. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகவேண்டியவற்றை நினைத்துப் பார்த்தாள்: நைட்டி இரண்டு, பிளாஸ்க், துண்டு. பேச முடியாவிட்டால் எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு வேண்டும் என்று நர்ஸ் சொன்னதும் ஞாபகம் வந்தது.

அற்புதசாமி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மைதானத்தின் பக்கம் காதைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். மடியில் இன்ஹேலர்.

"காத்து இந்தப் பக்கந்தான் அடிச்சுது. எல்லாம் கேட்டுச்சு."

பாக்கியமேரி செருப்பைக் கழற்றாமல் நின்றாள். "எல்லாமா?"

"பேச்செல்லாம் புரியல, கொழகொழன்னு இருந்துச்சு. பாட்டு நல்லாக் கேட்டுச்சு. ரயில் பாட்டு பாடுனது வேற பொண்ணு போல?"

"ஆமாங்க. சரவணன் கூட்டியாந்த பொண்ணு."

"போவுது வுடு. பெரிய பாட்டு." அவர் இழுத்து மூச்சு வாங்கினார். முகம் தெளிந்திருந்தது. அவள் பல மாதமாகப் பார்க்காத முகம். "ஆனா மொதல்ல ஒரு ஹம்மிங் வந்துச்சு பாரு, கண்ண மூடிக்கிட்டேன். கட்டியாம், ஆபரேஷனாம். ஒண்ணும் ஆவலடி ஒன் குரலுக்கு. ஆரம்பத்துல ஒரு நொடி என்னமோ கரகரன்னுச்சு, யாரோ குறுக்க பூந்துட்டாங்கபோல. அவங்க வாய மூடுன ஒடனே வந்துச்சு பாரு, கண்ணாடி மாதிரி! நான்தான் சொல்லியிருக்கேனே, ஆயிரம் பேரு நின்னாலும் ஒன்னுத எடுத்துக் குடுப்பேன்னு. நீதானே அது?"

அவள் அவரைப் பார்த்தாள். பதிலுக்காக முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தார்.

"ம்ம்" என்றாள்.

அது மட்டும் அவளுடைய குரல்தான். தொண்டையில் எங்கோ இடறி, பிசிறோடு வந்தது. அற்புதசாமி அதைக் கவனிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே நாற்காலியை உள்ளே எடுத்துப் போடச் சொன்னார்.